நான்காம் மாடியில் புல் மிதித்தோம்

1

நாங்கள் கிள்ளானுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் நிறைந்த அன்று காலையில், எங்கள் அடுக்ககத்தின் கீழே புல் வெட்ட ஆட்கள் வந்தார்கள். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. இங்கே மாதம் தவறாமல் வருவார்கள். முகத்தில் வலை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் மாட்டிய இயந்திரம். வெட்டிய புல்லைக் கூட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் திணித்து, வாயைக் கட்டி, சாலையோரம் வரிசையாக வைப்பார்கள். பிற்பாடு லோரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

மூன்று ஆண்டுகளைக் கொண்டாடுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று சேமியாப் பாயசம் வைத்திருந்தேன். கணவர் செந்தில் அதை அவசரமாகக் குடித்துவிட்டுக் கோலாலம்பூர் அலுவலகத்துக்குக் கொமுட்டர் ரயிலைப் பிடிக்க ஓடினார். மகள் யாழினி பாயசத்திலிருந்த முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றாள். அவளுக்கு ஐந்து வயது.

அப்பாவை வீடியோ அழைப்பில் பிடித்தேன். தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் ஐந்து மாடுகளோடு அவர் தனியாக இருக்கிறார். நாங்கள் இங்கே வருவதற்கு முந்தைய ஆண்டு அம்மா இறந்துபோனார். அந்த நேரத்தில் கிளம்பி வந்தது சரியா என்று இன்றும் நான் யோசிப்பதுண்டு. சரியென்று சில நாள் தோன்றும். பல நாள் தோன்றாது.

"அதென்ன அம்மிணி சத்தம்? ரைஸ் மில்லாட்ட கேக்குது."

"புல்லு வெட்றாங்கப்பா."

"எங்க, காட்டு பாக்கலாம்."

பால்கனியிலிருந்து காட்டினேன். அப்பா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரை முழுக்க அவருடைய ஒரு கண்தான் தெரிந்தது.

"அடேங்கப்பா, என்ன பசுமை! இத்தனையும் எந்த மாட்டுக்குப் போகுது?"

"குப்பைக்குப்பா."

"மூட்டை கட்டியா?"

"ஆமாங்கப்பா."

"மூட்டை கட்டிக் குப்பைக்கு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரோ செத்துப்போன செய்தியைக் கேட்டதுபோல் இருந்தது அந்தக் குரல்.

நான் வழக்கமாகச் சொல்வதை அன்றும் சொன்னேன். "ஒரே ஒரு மாசம் வந்து இருங்கப்பா." பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறார். அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. வழக்கமாக "பாக்கலாம்" என்பார். அன்று மட்டும் காரணம் சொன்னார்.

"பால் பீச்சிச் சொசைட்டிக்கு ஊத்தறதுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சரசக்கா இருக்குது. அது செய்யும். ஆனா தெனமும் தீவனம் அறுத்துப் போடுன்னு ஊரான் வீட்டுப் பொம்பளையக் கேக்க முடியுமா? தீவனம் மட்டும் வீட்ல கெடந்துச்சுன்னா வந்துருவேன் கண்ணு. எடுத்துப் போடறதுக்கு அது போதும்."

தீவனம் கிடந்தால் வந்துவிடுவேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியமே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

2

ஊர்ச் செய்திகளைத் தினமும் போனில் படிப்பவள் நான். எங்கள் பகுதியில் மின்தடை என்றால் கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு எனக்குத்தான் முதலில் தெரியும். அப்படி ஒரு நாள் கண்ணில் பட்டது: கோடைக்குத் தீவனம் சேமித்து வைக்கும் கால்நடை வளர்ப்போருக்கு அரசு மானியம். குழி வெட்டி, பால் பிடித்த மக்காச்சோளப் பயிரை நறுக்கிப் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, ஒன்றரை மாதம் ஊறவிட வேண்டும். ஊறுகாய்ப் புல் என்று பெயர். திறந்தால் கோடை முழுக்க எடுத்துப் போடலாம்.

எடுத்துப் போடலாம்! சரசக்காவால் முடியும்.

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏம்மிணி, புல்லுக்கு ஊறுகா போட்டா கவருமெண்டு காசு தருதா? எலுமிச்சங்காயும் போடோணுமா?"

"வெளையாடாதீங்கப்பா. நீங்களே மக்காச்சோளம் போட்டிருக்கீங்க. நல்ல தார்ப்பாயும் மிஷின் வாடகையும்தான் செலவு. அந்தச் செலவுக்குத்தான் குடுக்கறாங்க."

"உனக்கு அங்க ஒரு வேலை கெடைச்சுதுன்னா தேவலை" என்றார் அப்பா. இங்கே எனக்கு இருப்பது கணவரைச் சார்ந்த விசா. வேலை பார்க்கக் கூடாது. ஊரில் நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மானிய விதிமுறைகளை நான் நான்கு முறை படித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவிடம் அப்பா பெயர் கொடுத்தார். மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அப்பாவின் கணக்கில் இருப்பது என்னுடைய பழைய இந்திய எண். நான் கல்லூரியில் படிக்கும்போது நானே கூட்டிப்போய்த் தொடங்கிக் கொடுத்த கணக்கு அது. அந்த சிம்மை உயிரோடு வைத்திருப்பதற்காகவே ஒரு பழைய போனைக் கைப்பையில் சுமந்து திரிகிறேன். இப்படி இரண்டு போன் வைத்திருக்கும் பெண்களைக் கோலாலம்பூரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் எந்தத் துணிக்கடையில் நின்றாலும் பார்க்கலாம்.

சனிக்கிழமை யாழினியைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தபோது அந்தப் போன் அலறியது. அப்பா இ-சேவை மையத்தில் நிற்கிறார். எனக்கு வந்த ரகசிய எண்ணை உடனே சொல்ல வேண்டும். பூக்கடைகளின் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், ரகசிய எண்ணை ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "நம்பர் எடுத்தா எனக்கும் சொல்லு லா தங்கச்சி, நானும் ஒரு பத்து வெள்ளி கட்டறேன்" என்றார். லாட்டரி என்று நினைத்துவிட்டார்.

3

மார்கழிக் கடைசியில் சோளம் பால் பிடித்தது. குழியை வெட்டியதும் டாக்டரம்மா வந்து ஒரு படம் எடுத்துவிட்டுப் போயிருந்தார். நிரப்பும்போது ஒன்று, மூடியபின் ஒன்று எடுக்க வேண்டும் என்பது விதி. சனிக்கிழமை காலையில் அப்பா அழைத்தார்.

"நறுக்கற மிஷின் இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான். மேக்க மோடம் போட்டிருக்குது. டாக்டரம்மா திங்கக்கெழமைதான் வர முடியுமாமா."

"திங்கக்கெழமை வரைக்கும் பொறுத்துக்கலாம்ப்பா. விதிமுறைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

"பொறுக்கறது நானும் நீயும் பொறுத்துக்கலாம். சோளம் பொறுக்காது. மணி முத்திப்போச்சுன்னா குழியில ஊறாது, கட்டையாட்ட கெடக்கும். மழையில நனைஞ்சா நாறிப்போகும்."

நான் செந்திலைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "உனக்குப் படம் வேணுமா, உங்கப்பா வேணுமா?" என்றார். அந்த மனிதர் இப்படி எப்போதாவதுதான் பேசுவார். பேசினால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

நிரப்பிவிடுங்கள் என்றேன்; அப்பா அன்றே குழியை நிரப்பினார். போனை வேப்பமரக் கிளையில் செருகிவைத்துவிட்டு இறங்கிவிட்டார். டிராக்டரில் மாட்டிய இயந்திரம் சோளத்தட்டை நறுக்கித் துப்பியது. சரசக்கா நாட்டுச் சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீரைத் தெளித்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து மிதித்தார்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால் அத்தனையும் பூசணம் பிடித்துவிடும். அதனால் மிதிதான் முக்கியம்.

யாழினிக்கு என் அப்பா அப்புச்சி. அவள் போனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அம்மா, அப்புச்சி வொய் ஜம்பிங்?"

"ஜம்பிங் இல்லடா. புல்லு மிதிக்கறாங்க. லெம்பு சாப்பிட."

லெம்பு என்றால் மலாயில் மாடு. மாடு என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு உடனே புரியட்டும் என்று வாயில் வந்துவிட்டது. இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாகக் கைவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழிக்குள்ளிருந்து அப்பா கத்தினார். "வா சாமி, நீயும் வந்து மிதி! காத்துப் பூராவும் வெளிய போகோணும்!"

அவ்வளவுதான். யாழினி கூடத்து நடுவில் குதிக்கத் தொடங்கினாள். அங்கே அவர்கள் இடமிருந்து வலம் நகர, இவளும் சோபாவிலிருந்து சமையலறை வாசல் வரை நகர்ந்தாள். சரசக்கா, "அம்மணி, மூலை மூலை! மூலைய விட்டுட்டே!" என்று கூவினார். இவள் ஓடிப்போய்த் தொலைக்காட்சி மூலையை மிதித்தாள். நானும் எழுந்தேன். அந்தச் சத்தத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அம்மாவும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு நான்காம் மாடியில் மக்காச்சோளம் மிதித்தோம். நடுநடுவே, எதற்கும் இருக்கட்டும் என்று, திரையைப் படமெடுத்து வைத்தேன்.

கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடிச் சீன ஆன்டி நின்றார். எங்கள் வியர்வையை மேலும் கீழும் பார்த்தார். இளையவள் யாரானாலும் அவருக்கு அமோய்தான்.

"அமோய், எக்சர்சைஸா?"

"யெஸ் ஆன்டி. சாரி ஆன்டி."

ஊறுகாய்ப் புல் என்பதை நான் எந்த மொழியில் அவருக்குச் சொல்வது?

4

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார். தார்ப்பாய் விரித்து, மண் அணைத்து, சாணம் மெழுகிய மேடுதான் இருந்தது. அப்பா போனை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"மேடம், நடுப்படம் இல்லாம நான் எப்படி எழுதறது? உள்ள என்ன போட்டிருக்குதுன்னு கேப்பாங்கல்ல?"

"எங்கிட்ட இருக்குதுங்க டாக்டர்" என்று, திரையில் எடுத்த படங்களை அனுப்பினேன். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எல்லாப் படத்துலயும் மூலையில ஒரு பயனாளி குதிக்குதே, அது யாருங்க மேடம்?"

வீடியோ அழைப்பில் நம் முகம் தெரியும் சின்னக் கட்டத்தை நான் மறந்தே போயிருந்தேன். படத்துக்குப் படம் யாழினியின் பறக்கும் சடையும் என் பாதி முகமும். மேலே மலேசிய நேரம்.

"இதை மேல அனுப்புனா என்னைத்தான் விசாரிப்பாங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. விதியில் ஓர் எழுத்துக்கூடப் பிசகக் கூடாது என்கிற ஜாதி நான். "ஒரு ஓரம் மட்டும் தொறந்து காட்டலாமுங்களா? அப்பா, கொஞ்சூண்டு..."

"அய்யோ, வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்பா போனுக்குப் பக்கத்தில் வந்தார். "தொறந்தா காத்து பூந்துரும் அம்மிணி. காசுக்காகப் புல்லை நாறடிக்கறதா?"

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். "நாள் கணக்குப்படி தொறக்கற அன்னிக்கு எனக்குச் சொல்லுங்க. குழி நெறைய நல்ல தீவனம் இருந்துச்சுன்னா அதைவிட அத்தாட்சி எதுக்கு? அன்னிக்கு எழுதிக் குடுத்தர்றேன். கெட்டுப்போயிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

ஆக எல்லாம் அந்த மேட்டுக்குள் போய்விட்டது. மானியம், சரசக்காவின் உதவி, என் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அப்பா உள்ளே வரும் காட்சி, எல்லாம்.

5

அந்த ஒன்றரை மாதம் நான் அப்பாவைப் படுத்தியிருக்கிறேன். மழை என்று செய்தியில் பார்த்தால் போதும், "குழிக்குள்ள தண்ணி போயிருக்குமாப்பா?" என்று கேட்பேன். ஒரு நாள், "எனக்கெப்படித் தெரியும் அம்மிணி? நான் என்ன உள்ளயா உக்காந்திருக்கறேன்?" என்று சிரித்தார்.

எங்களுக்குப் பசும்பால் கொண்டுவரும் சேகர் அண்ணனையும் விடவில்லை. ஜெஞ்சாரோமில் மாடு வளர்க்கிறார். அவருடைய தாத்தா தோட்ட வேலைக்கு வந்தவர். தமிழ்நாட்டை அவர் பார்த்ததில்லை.

"ஊறப் போடறதா? நமக்கு எதுக்கு தங்கச்சி? இங்க வருஷம் பூரா மழை, வருஷம் பூரா புல்லு."

"எங்க வீட்டுக்குக் கீழ வெட்ற புல்லையாவது எடுத்துட்டுப் போகலாமேண்ணே? அத்தனையும் குப்பைக்குப் போகுது."

"அது வேணாம் லா. ரோட்டுப் புல்லுல மருந்து அடிச்சிருப்பான். மாடு செத்துரும்."

மூன்று ஆண்டுகளாக நான் ஏங்கிய புல் விஷப்புல்லாகவும் இருக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினியைச் சேகர் அண்ணனின் கொட்டகைக்கு அழைத்துப் போனோம். அப்புச்சி வரும்போது மாடு என்றால் பயப்படக் கூடாதே என்றுதான் போனேன். அவள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பூசோக் லா, அம்மா!" நாற்றமாம். சேகர் அண்ணன் சிரித்தார். என்னால் முடியவில்லை. சின்ன வயதில், காலையில் மாட்டுக் கொட்டகைக்குள் போய்த்தான் அப்பாவிடம் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக்கொண்டு கிளம்புவேன். அந்த வாசனைதான் எனக்கு அப்பா. இதை ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?

கிளம்பும்போது கேட்டேன். "அண்ணே, ஊறுன தீவனம் கெட்டுப்போச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"டெங்கில் பக்கம் ஒரு பெரிய பண்ணையில பாத்திருக்கேன். கெட்டா, சாக்கடை. நல்லா வந்தா, அப்படியே தாப்பே வாசனை அடிக்கும்."

தாப்பே என்பது இங்குள்ளவர்கள் சோற்றில் ஈஸ்ட் கலந்து, இலையில் பொதிந்து, ஊறவைக்கும் இனிப்பு. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பல தடவை பார்த்தும் வாங்கியதில்லை. குழி திறக்கும் நாளுக்கு முந்தைய மாலை ஒரு பொட்டலம் வாங்கி வந்து குளிர்பெட்டியில் வைத்தேன்.

6

டாக்டரம்மா முன்னால் நிற்க, சரசக்கா மண்ணைத் தள்ள, அப்பா தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினார். மேலே ஒரு விரற்கடைக்குக் கறுத்திருந்தது. அதைக் கையால் வழித்தெறிந்தார். அடியில் பொன்மஞ்சள் நிறம். ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

வாசனை மட்டும் இந்தப் போனில் வராது.

"என்னப்பா? சொல்லுங்கப்பா."

"இரு" என்றார். இன்னொரு தடவை முகர்ந்தார். "பழம் புளிச்சாப்பல... நல்லா இருக்குது கண்ணு. நல்லாவே வந்திருக்குது."

சமையலறைக்கு ஓடித் தாப்பேயைப் பிரித்தேன். இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை மேலே எழுந்தது. அப்பாவின் கைக்கு வெகு பக்கத்தில் என் முகம் இருப்பதுபோல் இருந்தது. யாழினியின் மூக்கிடம் நீட்டினேன். "அப்புச்சி வீட்டுப் புல்லு இப்படித்தான் வாசம் அடிக்குதாம்."

பூசோக் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் விரலால் தொட்டு நக்கினாள். "செடாப்!" ருசியாம். இரண்டாவது வாய் போகும்போதுதான் இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற பயம் வந்து பிடுங்கிக்கொண்டேன்.

அங்கே ஒரு மாடு தலையை ஆட்டிக்கொண்டு தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தது. டாக்டரம்மா படம் எடுத்தார். "எழுதிடலாங்க" என்றார்.

7

பங்குனி பிறக்கும் முன்பே மானியம் வந்தது. பணம் வந்த செய்தி என் கைப்பையில் இருந்த பழைய போனில்தான் ஒலித்தது. அன்றே விமான நேரங்களைப் பார்த்தேன். திருச்சியிலிருந்து நேராக வந்துவிடலாம். அப்பாவுக்கு ஜன்னலோரம். யாழினியின் அறையில் கட்டிலை நகர்த்திப் போட்டேன். செந்தில் ஒரு புதிய போர்வை வாங்கி வந்தார்.

நான்கு நாள் கழித்து அப்பா அழைத்தார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

"அம்மிணி, ஒண்ணு காட்டறேன். வையக் கூடாது."

போனைத் திருப்பினார். கொட்டகையின் கடைசிக் கட்டுத்தறியில், செவலை நிறத்தில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, புதிதாக ஒரு கிடாரி நின்றுகொண்டிருந்தது.

"சினையா இருக்குது. அடுத்த ஊர்ல ஒருத்தர் தீவனமில்லாம வித்துட்டாரு. மானியக் காசோட கொஞ்சம் போட்டுப் புடிச்சுட்டு வந்துட்டேன்."

"அப்பா... நீங்க இங்க வர்றதுக்காகத்தானப்பா இத்தனையும்?"

"வருவேன் கண்ணு. வராம இருப்பனா? தலைச்சன் ஈத்து, பக்கத்துல இருக்கோணும். அது கன்னு போட்டு நிக்கட்டும்." கொஞ்ச நேரம் கிடாரியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "வீடு நெறையத் தீவனம் கெடக்குது. மாடு வாங்காம எப்படி அம்மிணி இருக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் முடியவில்லை. அவர் குரலில் அம்மா போனபின் நான் கேட்காத ஒரு துள்ளல் இருந்தது. தீவனம் இருந்தால் அவர் என்னிடம் வருவார் என்று நான் கணக்குப் போட்டேன். தீவனம் இருந்தால் அவர் இன்னும் அவராவார் என்பதை எந்த இடத்தில் கணக்கில் விட்டேன்? செந்தில் அந்தப் புதிய போர்வையை மடித்து அலமாரியில் வைத்தார்.

"பேரு என்னங்கப்பா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"சரசக்கா 'கிள்ளான்காரி'ன்னு கூப்புடுது. உன்னாலதான வந்துச்சு." பிறகு, போகிறபோக்கில் சொல்வதுபோல், கிடாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வருசம் குழிய இன்னும் பெருசா வெட்டோணும். மிதிக்கறதுக்குத்தான் ஆள் பத்தாது. நம்ம சாமி நல்லா மிதிக்குது."

இந்த மூன்று ஆண்டுகளில் "எப்ப வர்றே" என்று அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் நான் அழுவேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் அழவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். "அப்பா, சோளத்தைக் கொஞ்சம் முன்னாடி விதைக்க முடியுமா? யாழினிக்கு டிசம்பர்லதான் நீட்டமா லீவு."

"மழையப் பாத்துத்தான் விதைக்கோணும். லீவைப் பாத்தா விதைப்பாங்க?" என்றார். திரையில் கிடாரியின் காதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கெணத்துத் தண்ணி பாச்சி விதைச்சுப் பாக்கறேன்" என்று குரல் மட்டும் வந்தது.

யாழினி என் முந்தானையை இழுத்தாள். "அம்மா, மறுபடி புல்லு மிதிக்கணுமா? அப்புச்சி வீட்டுக்குப் போயா? நெஜமாவா?"

"ஆமா."

அவள் அப்போதே சோபா ஓரத்திலிருந்து தொடங்கினாள். தொலைக்காட்சி மூலையை மறக்காமல் இரண்டு தடவை மிதித்தாள். கீழே ஆன்டி மதியத் தூக்கத்தில் இருக்கும் நேரம். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். பிறகு, அவள் கைக்கு எட்டும்படி என் கையை நீட்டினேன்.